இனிமேல் கேட்க வேண்டாம்

மருந்தகத்தில் வேலை பார்த்த இருபத்து மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அந்த விஷயம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. காலை முறைக்காரர்கள் வழக்கம்போலக் குளித்து, தலைவாரி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஆறரை மணிக்கு வந்து மருந்தகக் கதவில் அட்டையைக் காட்டினார்கள். கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது.

சாவி அப்போது வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். போனில் மருந்தகத்தின் பொறுப்பாளர் அம்மாள்.

“ஏம்மா சாவி, நான் எப்ப ராஜினாமா பண்ணேன்? முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மாலையாவது வாங்கிப் போட்டிருப்பீங்கல்ல?”

“என்ன மேடம் சொல்றீங்க?”

“நான் சொல்லலை, உன் கம்ப்யூட்டர் சொல்லுது. காவலாளி வந்து கதவைத் தொறந்துவிட்டாரு. உள்ள போய் உக்காந்தா, ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ங்குது. எனக்கு மட்டும் இல்ல, எங்க ஆளுங்க எல்லாருக்கும். வெளிய முப்பது பேர் மருந்துச் சீட்டோட நிக்கிறாங்க.”

சாவி வாயைக் கொப்பளித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாவி என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் இல்லை, மருத்துவமனை வைத்தது. பதினொரு வருஷமாக அங்கே அவள்தான் டைரக்டரியைப் பார்த்துக்கொள்கிறாள். டைரக்டரி என்றால் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. ஒரு பட்டியல், அவ்வளவுதான். அங்கே வேலை பார்க்கிற எழுநூற்றுச் சொச்சம் பேரும், அவர்கள் உட்காருகிற கம்ப்யூட்டர்களும், பிரிண்டர்களும், அட்டை காட்டித் திறக்கிற கதவுகளும் அதில் பதிவாகியிருக்கும். யார் எங்கே போய் உட்கார்ந்து பேரையும் பாஸ்வேர்டையும் தட்டினாலும், அந்தக் கம்ப்யூட்டர் சொந்தப் புத்தியில் முடிவெடுக்காது. தரைத்தளத்தில் இருக்கிற சர்வரிடம் ‘இந்த ஆளை விடலாமா?’ என்று கேட்கும். சர்வர் பட்டியலைப் பார்த்துச் சொல்லும். பட்டியலில் இருந்தால் நீங்கள் ஆள். இல்லையென்றால், இருபது வருஷம் அதே நாற்காலியைத் தேய்த்தவராக இருந்தாலும் ஆள் இல்லை.

பட்டியலுக்குள்ளே ஒவ்வொரு துறைக்கும் ஓர் அறை உண்டு. கோப்புறை என்று சொன்னால்தான் சரி, ஆனால் சாவி அறை என்றுதான் சொல்வாள். ஆய்வகம் ஓர் அறை, சமையற்கூடம் ஓர் அறை, மருந்தகம் ஓர் அறை. கடைசியில் ‘விலகியோர்’ என்று ஓர் அறை. வேலையை விட்டுப் போனவர்களின் பேரைத் தூக்கி அதில் போட்டால் போதும். தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு நிரல் தானாக எழுந்து, அந்த அறைக்குள் இருக்கிற அத்தனை பேரின் கணக்கையும் முடக்கி, அவர்களிடம் இருந்த உரிமைகளை எல்லாம் பிடுங்கிக்கொள்ளும். அந்த நிரலை எழுதியவளும் சாவிதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் போய்ச் சேர்ந்தபோது ‘நிதானம்’ ஏற்கெனவே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால் ஒப்பந்த வேலைக்கு வந்தவர். டீ குடித்தால்கூட கிளாஸை வைத்துவிட்டு, அது மேசை ஓரத்தில் இல்லை என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார். அதனால்தான் அந்தப் பேர். வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஒரு தப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

“மேடம், மருந்தகத்தோட அறை முழுசா விலகியோருக்குள்ள போய்க் கெடக்கு,” என்றார்.

“முழு அறையுமா?”

“முழுசா. யாரோ அப்படியே இழுத்துப் போட்டிருக்காங்க.”

அறையைத் திரும்ப அதன் இடத்துக்கு இழுக்க ஒரு வினாடி போதும். பிடுங்கிய உரிமைகளைத் திருப்பித் தருவதுதான் பெரும்பாடு. யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்தப் பிரிண்டரில் அச்சிடலாம், கட்டுப்பாட்டு மருந்து அலமாரியை எந்த நாலு பேர் திறக்கலாம் என்று பழைய நகலைப் பார்த்துப் பார்த்து இருபத்து மூன்று பேருக்கும் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். அதுவரை மருந்தகத்தில் சீட்டைக் கையால் எழுதி, உதிரிச் சாவியால் அலமாரியைத் திறந்து மருந்து கொடுத்தார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை. வசவுக்குக் குறைவும் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அடுத்த கேள்வி, யார் செய்தது?

டைரக்டரி எதையும் மறக்காது. யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எதை நகர்த்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கும். நிதானம் அதைத் தேடி எடுத்து வாசித்தார். “நேத்து சாயங்காலம் நாலு பதினேழு. நகர்த்தியது: நிர்வாகி. கம்ப்யூட்டர்...” என்று நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “என்னோடது.”

இங்கே சாவியைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவமனையின் ஒவ்வொரு தளத்திலும் அவள் ஒட்டிய தாள் தொங்கும். ‘உங்கள் பாஸ்வேர்ட் உங்கள் பல்துலக்கி போல. இன்னொருவருக்குத் தராதீர்கள்.’ ஒருவர் பாஸ்வேர்ட் தட்டும்போது பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பி சுவரைப் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர்களையே சுவரைப் பார்க்க வைத்தவள். அப்பேர்ப்பட்டவளின் சொந்த அறையில் நடந்தது என்ன தெரியுமா? மொத்த டைரக்டரியையும் ஆளுகிற ‘நிர்வாகி’ என்ற கணக்கு ஒன்றே ஒன்றுதான். அதை மூன்று பேர் பயன்படுத்தினார்கள். சாவி, நிதானம், பிறகு ஒப்புக்கு அவர்களுடைய மேலாளர். ஆளுக்கொரு கணக்கு போட வேண்டும், போட வேண்டும் என்று அவள் பதினொரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆக, பதிவேட்டில் இருந்தது ஒரு பேர். அதற்குப் பின்னால் மூன்று ஆள்.

“நான்தான் மேடம்,” என்றார் நிதானம். “நேத்து மத்தியானம் பூரா மருந்தக அறைக்குள்ளதான் வேலை பாத்தேன். புதுசா சேர்ந்த ரெண்டு பேரை ஏத்தினேன்.”

“அவசரப்படாதீங்கண்ணே. பாக்கலாம்.”

“பாக்க என்ன இருக்கு? என் கம்ப்யூட்டர். இங்க நான் எதையும் நகர்த்தினதில்ல, ஏத்துறதோட சரி. ஆனா பழைய கம்பெனியில நகர்த்தும்போது ஒரு பெட்டி வந்து ‘உறுதிதானா’ன்னு கேக்கும், இங்கயும் கேக்கும்ல? அது வந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்ல. அது வந்து, நான் பாக்காமலே ‘சரி’ன்னு அழுத்தியிருக்கேன்னா...” சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். யாரோ மேசைமேல் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவளுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. கூடவே, இனி தேட வேண்டாம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. மேலாளர் வந்து கேட்டபோது நிதானமே எழுந்து நின்று “என் தப்பு சார்” என்று சொல்லிவிட்டார். மேலாளருக்குச் ‘சுருக்கம்’ என்று பேர். யார் எதைச் சொல்ல வந்தாலும் “சுருக்கமா” என்பார். அன்றைக்கு அவர் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவன் ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக் கூடத்தையே அடைத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதுதான் தொழில். எட்டாவது படிக்கிற மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“அம்மா, நேத்து நீ சொன்ன பாஸ்வேர்ட் தப்பு.”

“எப்ப சொன்னேன்?”

“நேத்து ஆபீசுக்குப் போன் பண்ணேன்ல? நீ வேற, வாயைப் பொத்திக்கிட்டு குசுகுசுன்னு சொன்னே. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, அப்புறம் எட்டுன்னே. நடுவுல திடீர்னு ‘அய்யோ’ன்னே. நான் அந்த ‘அய்யோ’வும் பாஸ்வேர்ட்ல இருக்குன்னு நெனச்சு அதையும் அடிச்சுப் பாத்தேன்.”

கணவன் திருகாணியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். சாவியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அது நின்றுபோனது.

அந்த ‘அய்யோ’ எதற்கு?

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நிதானம் மூன்றாவது தளத்தில் பிரிண்டர் சரியில்லை என்று கிளம்பினார். போகும்போது, “ஒரு போன் நம்பர் மட்டும் மாத்தணும் மேடம், மாத்திட்டு மூடிடுங்க” என்றார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள், திரையில் மருந்தக அறை திறந்தே இருந்தது. மகளிடமிருந்து போன். பாஸ்வேர்டைப் போனில் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், அதையே சொல்வது யார் காதிலும் விழக் கூடாதே என்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இடது கையால் போனையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். வலது கை மவுஸில் இருந்தது. விரல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது திரையில் ஏதோ துள்ளி மறைந்தது. ‘அய்யோ’ என்றாள். எதுவும் கேட்கவில்லை, எந்தப் பெட்டியும் வரவில்லை. ஒன்றுமில்லை என்று திரையில் திறந்திருந்த டைரக்டரியை மூடிவிட்டாள்.

பெட்டி ஏன் வரவில்லை? அதற்கும் விடை அவளிடமே இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் துறைகளை மாற்றி அடுக்கியபோது தொண்ணூறு பேரை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘உறுதிதானா?’ என்று அந்தப் பெட்டி வந்து நச்சரித்தது. பத்தாவது தடவை எரிச்சல் தாங்காமல் அதன் அடியில் இருந்த சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். ‘இனிமேல் கேட்க வேண்டாம்.’ அன்றிலிருந்து, இப்போது நிதானம் உட்காருகிற அந்தக் கம்ப்யூட்டரில் நிர்வாகி என்ற பேரில் நுழைகிற யாரிடமும் அது எதையும் கேட்டதில்லை. அறைகள் தவறி நகராமல் இருக்க இன்னொரு பூட்டும் உண்டு. மருந்தகத்துக்குப் போன மாதம் ஒரு வேலைக்காக அதைக் கழற்றியதும் அவள்தான். திரும்பப் போட மறந்துவிட்டாள்.

போனை எடுத்துப் பார்த்தாள். மகளின் அழைப்பு, திங்கட்கிழமை, நாலு பதினாறு. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி.

மகள் படுக்கப் போன பிறகு கணவனிடம் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அதுக்காக அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“வெள்ளிக்கிழமை புதுப்பிக்கணும். தெரியல.”

“முதல்ல அதைப் பாரு. அவர் வேலை போகலைன்னா அப்புறம் யார் இழுத்தா என்ன, எது இழுத்தா என்ன?”

அது நியாயமாகத்தான் தோன்றியது. தப்பு செய்தவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும்.

புதன்கிழமை காலை சுருக்கத்தின் அறைக்குள் போகும்போது உண்மையைச் சொல்லத்தான் போனாள். சத்தியமாக அதற்குத்தான் போனாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“உக்காருங்க. அந்த மனுஷனைப் பத்திதானே? பயப்படாதீங்க. ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சிடலாம்னு இருக்கேன். தானே வந்து ஒத்துக்கிட்டாரு பாருங்க, அதுக்காகவே. அறிக்கையில ‘ஒப்பந்த ஊழியரின் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்’னு ஒரு வரி. முடிஞ்சுது. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

“சார், அது வந்து...”

“சுருக்கமா.”

பதினொரு வருஷம். ஒவ்வொரு தளத்திலும் தாள். சுவரைப் பார்க்க வைத்த டாக்டர்கள். அவர்கள் எல்லோரும் இனி வழியில் பார்த்துச் சிரிப்பார்கள்.

“ஒண்ணும் இல்ல சார். புதுப்பிக்கிறீங்கன்னா ரொம்ப நல்லது,” என்றாள். அறிக்கையை அப்புறம் எழுதித் தருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க நிதானத்தின் பக்கம் திரும்பவே இல்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய மேசையில் ஏதோ மாறியிருந்தது. என்னவென்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. மவுஸ் இடது பக்கம் இருந்தது. நிதானம் இடது கையால் அதை நகர்த்தத் தடுமாறிக்கொண்டிருந்தார். வலது கையை மடியில், மேசைக்கு அடியில் வைத்திருந்தார்.

“என்னண்ணே, கையில அடியா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன்...”

“பழகிக்கிறேன்.” அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்க அண்ணனுக்கு ஐம்பத்தி நாலு வயசுல ஆரம்பிச்சுது. முதல்ல நடுக்கமெல்லாம் இல்ல. சட்டை பட்டனை மாத்திப் போடுவான். கரண்டியை வைக்கிற எடத்துல வைக்காம பக்கத்துல வைப்பான். நாங்க எல்லாம் கேலி பண்ணுவோம், எங்க ஞாபகம்னு. அப்புறம்தான் கை ஆட ஆரம்பிச்சுது. இப்ப அண்ணிதான் ஊட்டிவிடுறாங்க.”

சாவியின் கண் மேசைக்கு அடியில் இருந்த அந்தக் கைக்குப் போனது.

“திங்கக்கிழமை இந்தக் கை ஒரு அறையையே இழுத்து வேற எடத்துல போட்டிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. ஞாபகமே இல்ல மேடம். அதுதான் பயமா இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். வீட்ல இன்னும் சொல்லலை.”

“அண்ணே, ஒப்பந்தம் புதுப்பிக்கப் போறாங்க. சார் நேத்தே சொல்லிட்டாரு,” என்றாள். வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் அதைச் சொன்னாள்.

“தெரியும். என்னையும் கூப்பிட்டுச் சொன்னாரு.” அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார், இடது கையால். “வேணாம்னு எழுதி வச்சிருக்கேன். மத்தியானம் கொடுக்கணும். இது ஆஸ்பத்திரி மேடம். அன்னைக்கு மருந்தகம். அடுத்த தடவை இந்தக் கை எதை இழுக்கும்னு யாருக்குத் தெரியும்?”

வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தாயிற்று என்றுதான் ரெண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மனுஷன் தன் கையையே கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

“நீங்க இழுக்கலைண்ணே,” என்றாள். “நான் இழுத்தேன்.”

நிதானம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கருணையான, களைத்துப்போன சிரிப்பு.

“ஆறுதலுக்குச் சொல்றீங்க. நல்ல மனசு மேடம். ஆனா வேணாம்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தாள், அழுவார் என்றுகூட நினைத்தாள். நம்பவே மாட்டார் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத உண்மைக்கு அதுதான் கதி போலும்.

“சத்தியமா அண்ணே. நீங்க மூணாவது மாடிக்குப் போயிருந்தீங்க. நான் உங்க சீட்டுல உக்காந்தேன்.”

“போனேன், வந்துட்டேன். எப்பப் போனேன், எப்ப வந்தேன்னு யாருக்குத் தெரியும்?”

“கதவுக்குத் தெரியும்,” என்றாள் சாவி.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுகளின் பதிவேட்டைத் திறந்து, அவருடைய அட்டையின் எண்ணைக் கொடுத்துத் தேடினாள். திங்கட்கிழமை, மூன்றாவது தளத்தின் கதவு: உள்ளே நாலு ஆறு, வெளியே நாலு முப்பத்தொன்று. அதன் பக்கத்தில் மருந்தக அறை நகர்ந்த வரியை வைத்தாள். நாலு பதினேழு. தன் போனை எடுத்து மகளின் அழைப்பைக் காட்டி மேசைமேல் வைத்தாள். நாலு பதினாறு.

அவர் மூன்றையும் படித்தார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.

“பெட்டி வந்து கேட்டிருக்குமே,” என்றார்.

சாவி ‘சோதனை’ என்று ஒரு வெற்று அறையை உண்டாக்கினாள். அதைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விட்டாள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது. எதுவும் கேட்கவில்லை.

“கேக்காதுண்ணே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் கேக்க வேணாம்னு டிக் போட்டேன். உங்ககிட்ட அது ஒரு நாளும் கேட்டிருக்காது. நீங்க பாக்காம எதையும் அழுத்தலை. அழுத்த எதுவுமே வரலை.”

அவர் அந்த மூன்று நேரங்களையும் இன்னொரு தடவை பார்த்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லிவிடலாம்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.”

“அப்ப நேத்து பூரா தெரியும்.”

“தெரியும்ணே.”

“நேத்து நான் இந்தக் கையால சாப்பிடலைம்மா,” என்றார். இந்தத் தடவை ‘மேடம்’ இல்லை. “ஸ்பூன் வச்சு, இடது கையால சாப்பிட்டேன். என் பொண்டாட்டி என்னன்னு கேட்டா, சுளுக்குன்னேன். ராத்திரி அவ தூங்கினப்புறம் கையை நீட்டி வச்சு, ஆடுதா ஆடுதான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். பாக்கப் பாக்க ஆடுற மாதிரியே இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து வேலை பாத்தீங்க.”

சாவிக்கு அழுகை வந்தது. அழுதால் அவரே எழுந்து தண்ணீர் எடுத்துவந்து கொடுப்பார் என்று தெரியும், அதனால் அடக்கிக்கொண்டாள். “என்னை மன்னிச்சிடுங்கண்ணே” என்றாள். அவர் எழுந்து வெளியே போனார். மடித்த தாளை எடுத்துக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று மேசையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்.

அவள் காத்திருக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினாள். ‘மருந்தக அறையை நகர்த்தியது நான். எச்சரிக்கையை நிறுத்தி வைத்ததும் நான். ஒரே கணக்கை மூவர் பயன்படுத்த விட்டதும் நான்.’ கையெழுத்துப் போட்டு நேராகச் சுருக்கத்தின் அறைக்குள் போய் நீட்டினாள். பதிவேட்டின் நகல்களையும் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தனை வருஷத்துல இதைவிடச் சுருக்கமா எனக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்ல,” என்றார். “நேத்தே ஏன் சொல்லலை?”

“பயந்துட்டேன் சார்.”

“விளக்கம் கேட்டு நாளைக்குக் கடிதம் வரும். எனக்கு வேற வழி இல்ல.”

“வரட்டும் சார். அவர் உங்ககிட்ட ஒரு தாள் கொடுக்க வந்தா வாங்காதீங்க.”

“யாரு? இப்பத்தான் வந்து நின்னாரு. கையில ஏதோ தாள் இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு திரும்ப மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.”

திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தாள். முதல் காரியமாக அந்த டிக்கை எடுத்தாள். மருந்தகத்தின் பூட்டைத் திரும்பப் போட்டாள். பிறகு, பதினொரு வருஷமாகச் செய்யாததை இருபது நிமிஷத்தில் செய்தாள். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கணக்கு உண்டாக்கினாள், உரிமைகளைப் பிரித்துக் கொடுத்தாள், ‘நிர்வாகி’யின் பாஸ்வேர்டை மாற்றி ஒரு உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் வைத்தாள். இனி எது நகர்ந்தாலும் நகர்த்தியவர் பேர் இருக்கும்.

நிதானம் சாப்பாட்டு நேரம் முடிந்துதான் வந்தார். முகம் கழுவியிருந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“உங்களுக்குத் தனிக் கணக்கு போட்டிருக்கேண்ணே,” என்றாள் சாவி. “புதுப் பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும்.”

“சரி.”

“அந்த டோக்கனை ரத்து பண்ணச் சொல்லவா?”

“வேணாம். போய்ப் பாத்துட்டுத்தான் வருவேன். ரெண்டு நாளா ஆடின கை, உங்க வாய்ச்சொல்லுக்கு மட்டும் நின்னுடுமா?”

அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அவர் மவுஸை எடுத்து மேசையின் வலது பக்கம் வைத்தார். அதன் ஒயர் விசைப்பலகையில் மாட்டிக்கொள்ள, பொறுமையாக விடுவித்தார். திரையில் ‘புதிய பாஸ்வேர்ட்’ என்ற கட்டம் வந்து நின்றது. பதினொரு வருஷப் பழக்கம், சாவி சட்டென்று எழுந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“திரும்பாதீங்க,” என்றார் நிதானம்.

“அண்ணே, பாஸ்வேர்ட் போடும்போது...”

“பாஸ்வேர்டைப் பாக்க வேணாம். கையைப் பாருங்க.”

அவள் திரும்பினாள். அவர் வலது கையை மேசைக்கு அடியிலிருந்து மெல்ல எடுத்து விசைப்பலகைமேல் கொண்டுவந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். அழுத்தினார், தூக்கினார், அடுத்ததை அழுத்தினார். பன்னிரண்டு எழுத்து. எந்த எழுத்து என்று அவள் பார்க்கவில்லை. விரல் போய் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்தாள். போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

“ஆடுதா?”

“இல்லண்ணே.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தேன். ஆடலை.”

அவர் தலையை ஆட்டினார். அடுத்த கட்டத்துக்குப் போனார். திரை, அதே பாஸ்வேர்டை உறுதிக்காக மறுபடியும் தட்டச் சொன்னது.

“இன்னொரு தடவை கேக்குது,” என்றார்.

“கேக்கட்டும்ணே.”

“அப்ப நீங்களும் இன்னொரு தடவை பாருங்க.”

அவள் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து பார்த்தாள்.